மைல்கல் வரிசையில் அப்பா

அப்பா போன முதல் வருஷத் திதிக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதி, அச்சடித்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொன்னான். மூன்று பேரும் உட்கார்ந்து எழுதினோம். நேர்மையானவர், கண்டிப்பானவர், கடன் வாங்காதவர், சொன்ன நேரத்துக்கு வருகிறவர். படித்துப் பார்த்தால் எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் எங்கள் அப்பா இல்லை. யார் வீட்டு அப்பாவுக்கும் அது பொருந்தும்.

அப்புறம் தம்பி சும்மா ஒரு கேள்வி கேட்டான். “ராமேஸ்வரம் போறப்ப டீக்கு எங்க நிறுத்துவோம், புதுக்கோட்டைக்கு முன்னாடியா, தாண்டியா?”

அண்ணன் கீரனூர் என்றான். நான் புதுக்கோட்டை தாண்டி என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். “கீரனூர்ல டீ குடிச்சது உங்கப்பா மட்டும்தான். நீங்கள்லாம் அப்ப தூங்கிட்டு வருவீங்க. புதுக்கோட்டை தாண்டித்தான் உங்களை எழுப்பி இட்லி கொடுப்போம்.” அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் பேச்சு ஓயவில்லை. எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, பழைய நோட்டு ஒன்றில் திருச்சி என்று மேலே எழுதி, கீழே கீரனூர், புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி என்று ஊர் ஊராக எழுத ஆரம்பித்தோம்.

வீட்டில் ஒருவரை இழந்து, அவர் நினைவுகளைச் சேர்த்து வைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள், நல்லவர் என்ற பதில்தான் வரும். “அந்த ஊருக்கு எந்த வழியாகப் போவீர்கள்?” என்று கேளுங்கள். வழி வந்தால் மனுஷனும் கூட வருவார்.

1989-ல் அப்பா பழைய பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்கினார். வெள்ளை நிறம். அவர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். மழை, காற்று என்றால் வீட்டில் இருக்க மாட்டார், இருந்தாலும் பேச மாட்டார். சாப்பிடும்போது ரேடியோவில் செய்தி கேட்பார், படுத்துவிடுவார். வண்டி ஓட்டும்போது மட்டும் வாய் ஓயாமல் பேசுவார். எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டு பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பெற்ற பிள்ளைகளிடம் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்பட்ட ஆண்கள் அந்தத் தலைமுறையில் நிறைய.

பத்மினியில் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். எங்கள் வண்டியில் முன்னால் ஒரே நீளச் சீட். அதனால் தம்பிக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடம். பின்னால் இடது ஜன்னல் அண்ணனுக்கு, நடுவில் வெற்றிலைப் பெட்டியோடு அப்பாயி, அப்பாவுக்கு நேர் பின்னால் நான். இந்த வரிசை மாறியதே இல்லை.

நோட்டில் எழுத எழுத எங்களுக்கே ஒன்று புரிந்தது. ஒரே வண்டியில் போனாலும் ஆளுக்கொரு அப்பாவைப் பார்த்திருக்கிறோம். தம்பி பார்த்தது கையையும் காலையும். கிளட்சை மிதித்துக்கொண்டு தம்பியின் கையைக் கியர் கம்பியில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து மாற்றுவார் அப்பா. அந்த உள்ளங்கை எவ்வளவு சொரசொரப்பு என்று அவன்தான் சொன்னான். எனக்கு அது தெரியவே தெரியாது. அண்ணனுக்கு அவர் கணக்கு வாத்தியார். மைல்கல்லைப் படித்துச் சொல்வது அண்ணன் வேலை. மேலே மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பது பள்ளிக்கூடத்தில் வராத பாடம். “இன்னும் 36 கிலோமீட்டர், நாம போறது 50, எப்ப போய்ச் சேருவோம்?” என்று கேட்பார். அண்ணன் விரலை மடக்குவான். தப்பாகச் சொன்னால் அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த கல் வரை விட்டுவிட்டு மறுபடி கேட்பார்.

எனக்குத் தெரிந்தது அவர் பிடரியும், கண்ணாடியில் தெரியும் இரண்டு கண்ணும். எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். “பாப்பா, தூரமாப் பாரு. மடியைப் பாக்காத” என்பார். அடுத்த மரத்தடியில் வண்டி நின்றுவிடும். வண்டி ஆடுவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது, வண்டிக்குள்ளேயே பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரிகிறது, இந்தக் குழப்பம்தான் குமட்டல் என்று பிற்பாடு படித்தேன். அதனால் தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்ப்பது உண்மையிலேயே உதவும். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், வண்டியில் புத்தகமோ செல்போனோ வேண்டாம், ஜன்னலை இறக்கி வையுங்கள். என் மகளுக்கும் இதே தொல்லை, இதே வைத்தியம்.

ராமேஸ்வரத்துக்குப் போனது தாத்தாவின் திதிக்காக. திருச்சியிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் போக மாட்டார், தாத்தா இறந்த திதியன்று போவதுதான் வழக்கம். விடியற்காலை இருட்டில் கிளம்பிவிட வேண்டும். டயரில் காற்றுப் பார்ப்பது ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும் என்பார். இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டியிருப்பார் அம்மா. மதியத்துக்குப் புளியோதரை. தேங்காய் சேர்த்த எதுவும் வண்டியில் ஏறாது, வெயிலில் கெட்டுவிடும்.

திருமயம் கோட்டை சாலையிலிருந்தே தெரியும். 1687-ல் கிழவன் சேதுபதி கட்டியது. கோட்டைச் சுவரில் பைரவர் கோயில், அந்த வழியாகப் போகும் வண்டிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகும். அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது. அப்பாயிக்காக நிறுத்துவார். நிறுத்திவிட்டு, “சத்தியமூர்த்தி பொறந்த ஊரு இது” என்று எங்களுக்குச் சொல்லுவார். காரைக்குடி, தேவகோட்டை தாண்டினால் நிலமே மாறிவிடும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், பனை, சாலையோரம் சிவப்பாகக் காயும் குண்டு மிளகாய். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். அவ்வளவு பெரிது. தண்ணீர் இருந்தால் அப்பாவின் முகம் மாறுவது கண்ணாடியிலேயே தெரியும். அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், தண்ணீரைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பார்.

பாம்பன் வந்தால் நீளமான பாடம். சாலைப் பாலம் 1988-ல்தான் திறந்தார்கள். அதற்கு முன் தீவுக்குள் போக ரயில்தான், தாத்தாவோடு அவர் போனதும் அப்படித்தான். பக்கத்தில் ஓடும் ரயில் பாலம் 1914-ல் திறந்தது, கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு இறக்கையாக மேலே தூக்கிக்கொள்ளும், அதை ஆட்களே கையால் சுற்றித் தூக்குவார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாலமும் சேதமானது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு அப்போது இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரனிடம் வந்தது. 46 நாளில் முடித்தார். இந்த 46 நாள் கதையை ஒவ்வொரு முறையும் அப்பா சொல்லுவார், ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்வது போல. புயலில் விழுந்த கம்பங்களை நிமிர்த்தி, ஊருக்கு மறுபடி கரண்ட் கொடுப்பது அவருடைய வேலையாகவும் இருந்தது என்பதை நான் பெரியவள் ஆன பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன்.

இன்னொரு வழி கொடைக்கானல். மே மாதம், மணப்பாறையில் முறுக்கு, திண்டுக்கல், வத்தலக்குண்டு, அப்புறம் மலை. பழைய பத்மினிக்கு அந்த ஏற்றம் பெரிய சோதனை. பாதி மலையில் வண்டி இழுக்காமல் திணறி நின்றுவிடும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். அப்பா ஹேண்ட் பிரேக் போட்டு, ஓரமாக இருக்கும் பெரிய கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பார். பானெட்டைத் திறந்து, தோளில் கிடக்கும் துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றுவார். ரேடியேட்டர் மூடியைத் தொட விடமாட்டார். சூட்டில் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீய்ச்சும். இந்த எச்சரிக்கை இன்றைய வண்டிகளுக்கும் அப்படியே பொருந்தும். துண்டு காயக் காயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்பார். கொஞ்ச நேரத்தில் வண்டி உயிர் பெறும்.

எல்லோரும் ஏறிய பிறகு அவர் ஒன்று செய்வார். வண்டியை நாலு அடி முன்னால் எடுத்து நிறுத்தி, இறங்கிப் போய், அண்டக் கொடுத்த கல்லைத் தூக்கிச் சாலைக்கு வெளியே, மண்ணில் போட்டுவிட்டு வருவார். ராத்திரி சைக்கிளிலோ மொபெட்டிலோ வருகிறவன் அதில் ஏறி விழக்கூடாது. மழை பெய்தாலும் இதை விடமாட்டார். நேர்மையானவர் என்று நாங்கள் எழுதியதைவிட இந்தக் கல் அவரைச் சரியாகச் சொல்கிறது. நோட்டில் இதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. மலைச் சாலைகளில் இப்படிக் கிடக்கும் கற்களைப் பார்த்தால் தம்பி இன்றைக்கும் இறங்கி ஓரமாகப் போடுகிறான்.

இறங்கும்போது, ஏறின கியரிலேயே இறங்கு என்பது அவர் விதி. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பக் கூடாது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும் தாழ்ந்த கியரிலேயே ஓட வைக்கிற வசதி தங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று சமதளத்திலேயே தெரிந்துகொண்டு மலையேறுவது நல்லது.

அப்பாவுக்குப் பயமே கிடையாது என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்திருந்தோம். வத்தலக்குண்டு வரை எழுதி முடித்து, மலையடிவாரத்துக்கு வந்தபோது அம்மா சொன்னார். “கொடைக்கானலுக்குப் போற முதல் நாள் ராத்திரி உங்கப்பா தூங்க மாட்டாரு. எழுந்து எழுந்து போய் வண்டியைச் சுத்தி வருவாரு. இறங்குறப்ப ‘நீ பேசிட்டே வா, நிறுத்தாத’ம்பாரு. நான் எதையாச்சும் பேசிட்டே வருவேன். கையைப் பாத்தா வேர்த்துக் கிடக்கும்.” நாங்கள் பின்னால் விளையாடிக்கொண்டு வந்தபோது முன் சீட்டில் இது நடந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அம்மா இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை. அம்மா மலைப்பாதையில் வளவளவென்று பேசிக்கொண்டு வருவார் என்பது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டதற்காகத்தான் பேசினார் என்று தெரிந்ததும் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

நீங்களும் இப்படி எழுதுவதானால் சில விஷயங்கள் உதவும். பெரியவர்களைத் தனித்தனியாகக் கேட்பதைவிடச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் தப்பாகச் சொன்னால்தான் இன்னொருவருக்குச் சரியானது ஞாபகம் வரும். ஊர் வரிசையை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சம்பவங்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். செல்போனில் ரெக்கார்டு போட்டு மேசை மேல் வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள். முரண்பாடு வந்தால் தீர்ப்பு சொல்லாமல் இரண்டையும் எழுதுங்கள். அழுகை வந்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்பாயி இருந்திருந்தால் நடுச் சீட்டின் அப்பாவும், அவருக்கும் முந்தின சின்னப் பையன் அப்பாவும் கிடைத்திருப்பார்கள். அது போய்விட்டது. எண்பது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.

அப்பா டாஷ்போர்டில் ஒரு சின்ன டைரி வைத்திருந்தார். தேதி, கிலோமீட்டர், பெட்ரோல் எத்தனை லிட்டர், என்ன செலவு. கடைசி வண்டி வரை அந்தப் பழக்கம் இருந்தது. “முறுக்கு 10. பாப்பாவுக்கு எலுமிச்சம்பழம் 2” என்று அவர் கையெழுத்தில் பார்க்கும்போது எந்தப் புகைப்படத்தையும்விட அது கிட்டத்தில் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மூன்று வீட்டிலும் வைத்திருக்கிறோம். டைரிக்குள் பெட்ரோல் பங்க் ரசீதுகளும் இருந்தன. மெஷினில் வரும் அந்த வழுவழுப்புக் காகிதத்தில் எழுத்து சில வருஷத்தில் மங்கி மறைந்துவிடும். அப்படிப்பட்ட காகிதம் உங்களிடம் இருந்தால் உடனே நகல் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் முழுக் காகிதமும் கறுத்துவிடும்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துக்கத்தில் பல வீடுகளில் இதை விட்டுவிடுகிறார்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை தேவைப்படும். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும், அதனால் அதற்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசி உடனே செல்லாமல் போய்விடாது. இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். அதற்குள் பெயர் மாற்ற வேண்டும். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்க வழி வந்திருக்கிறது. உங்கள் வண்டிக்கு இப்போதே சேர்த்து வையுங்கள்.

அப்பாவின் திதிக்கு ராமேஸ்வரம் போனோம். தம்பி ஓட்டினான். அம்மாவுக்காக முன் கதவைத் திறந்து வைத்திருந்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பின் கதவைத் திறந்து, நான் எப்போதும் உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. என் மகள் முன்னால் ஏறினாள். காரைக்குடி வரை அம்மா பேசவில்லை. காரைக்குடியில் டீ குடித்துவிட்டு ஏறும்போது, “தள்ளு பாப்பா, நான் முன்னாடி வர்றேன்” என்று என் மகளிடம் சொன்னார். முதல் பயணத்தில் யாரை எங்கே உட்காரச் சொல்வது என்று முடிவு செய்து வைக்காதீர்கள். துணையை இழந்தவர் வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்கு வரட்டும்.

பிள்ளைகளுக்கு அதைத் துக்கப் பயணமாக ஆக்கவில்லை. அக்னி தீர்த்தத்தில் திதி கொடுத்து முடித்ததும் அவர்கள் கேட்ட ஐஸ்கிரீம், அப்புறம் தனுஷ்கோடி. அப்பா காலத்தில் நாங்கள் கோதண்டராமர் கோயிலைத் தாண்டிக் காரில் போனதில்லை. மணலில் ஜீப்பும் வேனும்தான் போகும். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்டுவிட்டார்கள். அந்தச் சாலையில் எங்களில் யாருக்கும் அப்பா ஞாபகம் எதுவும் கிடையாது, அதனால் பிள்ளைகள்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைத் தம்பி அவர்களுக்குக் காட்டினான். பழையதைப் போல இரண்டாகப் பிரியாமல் நடுப்பகுதி முழுசாக மேலே ஏறும். 46 நாள் கதையையும் சொன்னான், அப்பா சொன்ன அதே வார்த்தைகளில். இப்போதுள்ள போக்குவரத்தில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பாலம் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பிறகோ ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நோட்டில் இன்னும் குமுளி வழி பாக்கி இருக்கிறது. தேனி, கம்பம், திராட்சைத் தோட்டம் வரை எழுதியிருக்கிறோம். தோட்டத்தில் இறங்கினோமா இல்லையா என்பதில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அந்தப் பயணத்தில் அப்பாவின் தங்கை குடும்பம் இன்னொரு காரில் எங்களுக்குப் பின்னால் வந்தது. அத்தைக்கு எண்பது நெருங்குகிறது, காது கொஞ்சம் மந்தம், ஆனால் ஞாபகம் தெளிவு. தீபாவளிக்கு முன் நோட்டையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய் அவரிடம் இரண்டு நாள் இருப்பதாகப் பேசியிருக்கிறோம்.